பெண்டாட்டி இல்லாதவரிடம் கொடுத்த குதிரை

சிரிக்கிறதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள் சார், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். பேய், முனி, மோகினி என்று யாராவது வாயைத் திறந்தால் நானும் சிரித்தவன்தான். எங்கள் தெருவில் ஒருத்தருக்குக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலையோடு ஓடினால், "பித்தத்துக்கு மருந்து குடுங்கய்யா" என்று திட்டிவிட்டு வருவேன். இன்றைக்கும் பேய் உண்டா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தருமபுரிக் கடைவீதியில் எனக்கு ஒரு ஜவுளிக்கடை. துணிக்குக் கட்டுப்பாடு வந்து கடையில் பாதி நாள் விற்க எதுவும் இருக்காது, கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். ஆனால் எனக்குக் குதிரைப் பைத்தியம் உண்டு. ஜட்காவுக்குக் கட்ட அல்ல, பந்தயத்துக்கும் அல்ல, ஏறி உட்கார்ந்து தூரமாகப் போவதற்கு. அமாவாசைக்குக் கடை அடைப்பு என்றால் முந்தின நாள் மத்தியானமே கிளம்பிவிடுவேன். ஒரு தடவை தொப்பூர் கணவாய், ஒரு தடவை ஒகேனக்கல், ஒரு தடவை அரூர் வழியாகச் சித்தேரி மலை அடிவாரம். எதற்குப் போகிறாய் என்று கேட்பார்கள். எதற்கும் இல்லை, போவதற்குத்தான் போகிறேன் என்றால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

குதிரைச் சவாரி என்றதும் நீங்கள் நாலுகால் பாய்ச்சலை நினைப்பீர்கள். தூரம் போகிறவன் பாய மாட்டான். பெருநடையில் விட்டு, மேடு வந்தால் இறங்கி, வாரைத் தளர்த்திக் கூடவே நடந்து, தண்ணீர் கண்ட இடத்தில் முதலில் குதிரைக்குக் காட்டிவிட்டு அப்புறம் தான் குடித்து, இப்படியே போனால் ஒரு நாளில் முப்பது மைல் அலுங்காமல் போகலாம். நாலைந்து மணி நேரம் போனபின் ஒரு நிலை வரும் பாருங்கள், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல், குதிரை மூச்சும் நம் மூச்சும் ஒன்றாகிப்போய், காடு தானாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்தச் சுகத்துக்காகத்தான் போவேன். கட்டின பெண்டாட்டியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

குதிரையின் பெயர் மைனா. செவலை நிறம், அந்தியூர் சந்தையில் ஆடி மாதம் பிடித்தது. நல்ல குணம், நல்ல கால், ஒரு குறைதான். கழுத்தில் வலது பக்கம், பிடரி மயிருக்குக் கீழே ஒரு சுழி. எங்கள் பக்கத்தில் மாடானாலும் குதிரையானாலும் சுழி பார்க்காமல் வாங்க மாட்டார்கள். இந்தச் சுழிக்குப் பெண்டிழந்தான் சுழி என்று பெயர், வைத்திருக்கிறவன் பெண்டாட்டியை வாரிக் கொடுப்பான் என்பார்கள். அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. "இல்லாத பொண்டாட்டிய எப்படிய்யா இழக்கறது?" என்று தரகரைக் கேலி செய்துவிட்டு ஏறி உட்கார்ந்து வந்துவிட்டேன்.

அடுத்த வருஷமே கல்யாணம் ஆனது. ஏரியூர்ப் பெண், கோவிந்தம்மாள். என் மாமியார் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராகக் குதிரையிடம் போய்ப் பிடரியைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, இந்த வூட்ல நான் பச்சத்தண்ணி தொட மாட்டன். ஒண்ணு இந்தக் குதிரை, இல்லேன்னா எம்பொண்ணு. நீங்களே சொல்லுங்க."

"அத்தை, அது வெறும் மசுருங்க. நம்ம தலையிலயும் சுழி இருக்குது."

"வெளையாடாதீங்க மாப்ள. பொண்டாட்டி இல்லாத ஆம்பளையாப் பாத்துக் கைமாத்தி வுட்ருங்க. அவனுக்கு இழக்கறதுக்கு ஒண்ணுமில்ல, அவங்கிட்ட இருந்தா அது ஒண்ணும் பண்ணாது."

அதுதான் வழக்கம். அந்தச் சுழி உள்ளதைப் பெண்டாட்டி இல்லாதவனுக்குத் தள்ளிவிடுவார்கள். கைமாற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. வாங்குகிறவன் தன் புதுக் கயிற்றைப் போடுவான், கொடுக்கிறவன் தன் பழைய கயிற்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவான். கயிறு மாறினால்தான் கைமாறியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதியமான்கோட்டையில் செக்கு ஆட்டுகிற சின்னசாமி என்று ஒரு சிநேகிதர், பெண்டாட்டி செத்து ஏழு வருஷம். அவர் வீட்டுக் கொட்டகையில் மைனாவைக் கொண்டுபோய்க் கட்டினேன். கயிறு கியிறு எதுவும் மாற்றவில்லை. மாமியாரிடம், "குடுத்துட்டேனுங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். அமாவாசைக்கு அமாவாசை நாலு மைல் நடந்து போய் ஏறிக்கொண்டு போய்விடுவேன். கோவிந்தம்மாளுக்கு மட்டும் தெரியும். என் வேட்டியில் ஒட்டின செவலை மயிரைப் பார்த்துவிட்டு, "சின்னசாமி அண்ணனுக்கு ரொம்பத்தான் மசுரு கொட்டுது போலருக்கு" என்பாள், அவ்வளவுதான்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு அவளை ஏரியூருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மார்கழி மாதம், ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல் கடைக்கு ஒரு கார்டு வந்தது. மைத்துனன் மாதையன் எழுதியிருந்தான். அக்காவுக்குக் கால், முகம் எல்லாம் வீங்கிவிட்டது, மருத்துவச்சி பயப்படுகிறாள், உடனே புறப்பட்டு வரவும். எழுதி மூன்று நாள் ஆகியிருந்தது.

பெட்ரோல் இல்லாத காலம், கரி எரித்து ஓட்டுகிற பஸ் ஒன்று பென்னாகரத்துக்குப் போகும், அது காலையிலேயே போய்விட்டது. அதியமான்கோட்டைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சின்னசாமி செக்கை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, பிள்ளை பெக்கற வூட்டுக்கா இதுல போறீங்க?"

"நாலு காலு இருக்குதில்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சேணத்தை ஏற்றினேன்.

அன்று மாலை பென்னாகரம் போய்ச் சேர்ந்தேன். மைனா களைத்திருந்தாள், மேலே போனால் அவளும் படுத்துவிடுவாள். தெரிந்தவர் வீட்டில் அவளைத் தேய்த்துவிட்டுத் தீனி வைத்துப் படுத்தேன். பொட்டுத் தூக்கமில்லை. கோழி கூவியதும் மறுபடி ஏறிவிட்டேன். ஏரியூருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மைல் இருக்கும். வண்டிப் பாதை இருக்கிறது, காட்டுக்குள் ஒரு ஒற்றையடித் தடமும் இருக்கிறது. தடத்தில் போனால் இரண்டு மைல் மிச்சம் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன் சார், எனக்கு அந்தத் தடம் பிடிக்கும், அதனால்தான் அதில் போனேன். பெண்டாட்டி அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள், எனக்குப் பிடித்த தடம் கேட்கிறது. இதை நினைத்தால் இப்போதும் என்னையே நான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பனி என்றால் அப்படி ஒரு பனி. மைனாவின் காது எனக்குத் தெரியவில்லை. கடிவாளத்தைத் தளர விட்டுவிட்டேன், அவளுக்கு வழி தெரியும். முந்தின நாளிலிருந்து அரித்த கவலை, தூக்கமில்லாத கண், அந்தப் பெருநடை, எல்லாம் சேர்ந்து நான் முன்பு சொன்ன அந்த நிலை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் போனோம் என்று தெரியாது. ஏதோ ஒரு இடத்தில் குளம்புச் சத்தம் நின்றுபோனது. குதிரை நிற்கவில்லை, நடக்கிறாள், எனக்கு அசைவு தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. மணலில் போகிறோம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சம் வந்தது. சூரிய வெளிச்சம் இல்லை, எங்கிருந்து என்று சொல்ல முடியாத ஒரு பச்சை வெளிச்சம், வாழைத் தோப்புக்குள் மத்தியானம் இருக்குமே, அது மாதிரி. பார்த்தால் ஒரு ஊருக்குள் போய்க்கொண்டிருக்கிறேன். ஓடு போட்ட வீடுகள் நாலைந்து, மீதி கூரை வீடுகள், தெரு முனையில் பெரிய புளியமரம், கல் கட்டின கிணறு. காற்றே இல்லை, ஆனால் புளியமரத்துக் கிளைகள் எல்லாம் ஒரே பக்கமாக மெதுவாகச் சாய்ந்து, மெதுவாகத் திரும்பி வந்தன. கொடியில் காயப்போட்ட சேலையும் அப்படித்தான் ஆடியது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் மைனாவைப் பார்த்தார்கள்.

பயந்தாயா என்று கேட்பீர்கள். இல்லை சார். அப்படி ஒரு சந்தோஷம். நெஞ்சுக்குள் ஒரு பாரமும் இல்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. கோவிந்தம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே சுத்தமாக மறந்துபோயிருந்தது. அதுதான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது.

கடைசி வீட்டு வாசலில் மைனா தானாக நின்றாள். அங்கே ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டி, சவரம் செய்யாத முகம், நம் ஊர்ப் பக்கம் எங்கேயும் பார்க்கிற ஆள்தான். மைனாவின் மூக்கைத் தடவினார், அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புது ஆள் தொட்டால் கடிக்கிற குதிரை அது.

"எறங்குங்க. ரொம்பத் தூரம் வந்துட்டாப்பல தெரியுது" என்றார். வாய் அசைந்து கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் எனக்கு வந்தது.

இறங்கினேன். "ஏரியூர் போகணுங்க. வழி தப்பிட்டனா?"

"வழி தப்பல. நேரந்தான் தப்பிட்டு இருக்குது. வூட்ல முடியாம இருக்காங்களே, மறந்துட்டீங்களா?"

அவர் சொன்னதும்தான் எனக்கு ஞாபகமே வந்தது. தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, தலப்பிள்ளைங்க, எம்பொண்டாட்டி சாகக் கெடக்கறாளுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"எனக்கும் தலப்பிள்ளைதான்" என்றார் அவர். "நான் அன்னிக்கு இந்த மாதிரிதான், குதிரை மேல ஊரு சுத்தப் போயிருந்தேன். சாயந்தரம் வரேன், வாசல்ல ஆளுங்க நிக்கறாங்க." மைனாவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். பிடரியைத் தூக்கி அந்தச் சுழியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "எனக்குப் பொண்டாட்டி இல்லீங்க. கயித்த மாத்திக்கலாமா?"

சுழியைப் பற்றியோ கயிற்றைப் பற்றியோ நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாமி சத்தியமாகச் சொல்லவில்லை.

"இவ எனக்குப் பெத்த புள்ளை மாதிரிங்க" என்றேன்.

"தெரியும். அதனாலதான் கேட்டு வாங்கறேன்."

இன்னொரு சமயமாக இருந்தால் என்ன கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன். மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன், வேர்வையும் வைக்கோலுமாக அவள் வாசனை. மன்னிச்சுக்க தாயி என்று காதில் சொன்னேன். பிறகு சரியென்று தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போகவில்லை, தேடவில்லை, புதுக் கயிறு வாசல் முளையில் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டார். என் பழைய கயிற்றைக் கழற்றி இரண்டாக மடித்து என் கையில் வைத்தார்.

"திரும்பிப் பாக்காதீங்க. மொகத்துல வெயில் படற பக்கமா நடந்துட்டே இருங்க" என்றார்.

நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் மைனா ஒரு தடவை கனைத்தாள். நான் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது கனைப்பாளே, அதே கனைப்பு. நான் அழுதுகொண்டே நடந்தேன், திரும்பவில்லை. திடீரென்று பனி கலைந்து வெயில் முகத்தில் அடித்தது. காக்கை கத்துகிறது, என் செருப்புச் சத்தம் கேட்கிறது, எதிரில் ஏரியூர் போகிற வண்டிப் பாதை.

மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து. நான் கால் தடுக்கி விழப்போனதைப் பிடித்து நிறுத்தினார்.

"பொழச்சுட்டா மாப்ள. பொட்டப்புள்ளை. ரத்தமாப் போயி, மூச்சுப் பேச்சில்லாமக் கெடந்தா, நாங்க வாயில துணிய வெச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தோம். இப்பத்தான், வெயில் ஏறற நேரத்துல, கண்ணத் தொறந்து தண்ணி கேட்டா." அப்புறம்தான் என் கையைப் பார்த்தார். "இதென்ன கயிறு?"

"மைனா கயிறுங்க அத்தை. குடுத்துட்டேன். பொண்டாட்டி இல்லாதவருக்கு."

"அதான் போன வருசமே குடுத்துட்டேன்னு சொன்னீங்களே?"

"அது பொய்யிங்க."

வேறு மாமியாராக இருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அவர், "உள்ள போயிப் புள்ளையப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். அந்த விஷயத்தை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் மாதையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "அந்தத் தெசையில ஊரே கெடையாதுங்களே மாமா" என்று சொல்லிவிட்டுப் பார்க்கப் போனான். மத்தியானம் திரும்பி வந்தான்.

"குளம்புத் தடம் பாத்தேனுங்க. காட்டுத் தடத்துல இருந்து பிரிஞ்சு நேரா அணைத் தண்ணிக்குள்ள போவுது. வெளிய வரல. செருப்புத் தடம் ஒண்ணு தண்ணிக்குள்ள இருந்து ஏறி வருது. உங்க செருப்புதான், குதியில ஆணி தெரியுது."

"அப்ப அந்த ஊரு?"

"இருந்துச்சுங்க. மேட்டூர்ல அணை கட்டறப்பக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. பத்து வருசமாத் தண்ணிக்கடியில கெடக்குது. நான் சின்னப் பையனா அங்க பொரி வாங்கித் தின்னுருக்கறேன். புளியமரம் ஒண்ணு இருந்துச்சு."

நீங்கள் சொல்ல வருவது எனக்குத் தெரியும் சார். தூங்கிக்கொண்டே தண்ணீருக்குள் போய்விட்டாய், குதிரை சேற்றில் மாட்டிக்கொண்டு போய்விட்டது, நீ எப்படியோ கரையேறி வந்துவிட்டாய், மீதியெல்லாம் கனவு. நானும் வருஷக்கணக்காக இதைத்தான் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அப்படியே வைத்துக்கொண்டாலும், மாமியார் வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது என் வேட்டி காய்ந்திருந்தது, சட்டைப் பையில் மாதையன் எழுதின கார்டு மொடமொடவென்று இருந்தது. மார்கழிப் பனியில் நனைந்த துணிகூட இவ்வளவு சீக்கிரம் காயாது. இதற்கு யாராவது பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் நான் குதிரை வாங்கவில்லை. கோவிந்தம்மாள் நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு இருந்தாள். எங்களுக்குள் சண்டை வந்தால், "நான் ஒண்ணும் சும்மா வந்தவ இல்ல, குதிரையக் குடுத்து வாங்கின பொண்டாட்டி, ஞாபகம் வெச்சுக்குங்க" என்பாள். நானும் சிரித்துவிடுவேன், சண்டை அதோடு போய்விடும். போன மார்கழியில், தூக்கத்திலேயே, ஒரு தொந்தரவும் கொடுக்காமல் போய்விட்டாள். எனக்கு இப்போது பெண்டாட்டி இல்லை சார்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பின மறுநாள், விடியற்காலையில் வாசலில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. மூக்கை விரித்து, உதடு படபடக்க, தூரம் வந்த குதிரை விடுகிற மூச்சு. குதிரை வைத்திருந்தவனுக்கு அது தப்பாது. எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். எனக்கு இனி இழக்க ஒன்றுமில்லை என்று மைனாவை அந்த மனுஷர் திருப்பி அனுப்பியிருக்கிறாரா, இல்லை அவரும் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட வந்திருக்கிறாரா, தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன். வெயில் வந்தபின் திறந்தால் வாசல் முழுக்க ஈரம்.

இப்போதெல்லாம் படுக்கப் போகும்முன் ஒரு வாளியில் கொள்ளு ஊறப்போட்டு வெளியே வைக்கிறேன். எதற்குப்பா என்று மகள் கேட்டாள், மாட்டுக்கு என்றேன். எங்கள் வீட்டில் மாடு இல்லை. காலையில் வாளி காலியாக இருக்கிறது. தெருவில் திரிகிற எருமை தின்றிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், இருக்கலாம். கதவை மட்டும் நான் இன்னும் வெயில் வருமுன் திறக்கவில்லை.